மலருக்கு முன்னால் மறதி: சப்மாட்யூல் உள்ள தளத்தை டிப்ளாய் செய்து கற்றவை

காலை பத்து மணிக்குப் பதிப்பாளர் ஐயா போன் செய்தார். "தம்பி, சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க. 'மறதி' இன்னும் 'மலரு'க்கு முன்னாலதான் நிக்குது" என்றார். அவருடைய பதிப்பகத் தளத்தின் நூல் பட்டியலைப் பற்றித்தான் பேச்சு. முந்தின இரவு அதைத் திருத்தி, என் கணினியில் சோதித்து, சர்வரிலும் ஏற்றிவிட்டு, "முடிந்தது ஐயா" என்று செய்தி அனுப்பியிருந்தேன். தளத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பட்டியல் பழையபடியே இருந்தது.

சிக்கல் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யூனிகோடு அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. நாம் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று படித்தோம். அட்டவணையிலோ ந-வை ஒட்டி ன இருக்கிறது, ர-வை ஒட்டி ற இருக்கிறது, அதன் பிறகுதான் ல, ள, ழ, வ. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'மறதி' முன்னால் வரும், 'மலர்' பின்னால் போகும். பிஎச்பி மொழியின் இன்டல் நீட்சி தமிழ் அகரவரிசையை அறியும். ஆனால் எனக்குத் தலைப்பின் முன்னால் இருக்கும் மேற்கோள் குறி, தொகுதி எண் போன்றவற்றைத் தள்ளிவிட்டு அடுக்க வேண்டியிருந்தது. அதனால் அகரவரிசைக்கென்று ஒரு சிறிய நிரல் நூலகம் எழுதி, கிட்டில் தனி ரெப்போவில், அதாவது நிரலையும் அதன் மாற்றங்களின் வரலாற்றையும் வைக்கும் களஞ்சியத்தில் வைத்திருந்தேன்.

அந்த நூலகம், தளத்தின் தோற்றத்துக்கான என் தீம் ரெப்போவுக்குள் சப்மாட்யூலாக, அதாவது ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவாக இருந்தது. தீம் ரெப்போ, மூன்று பதிப்பகங்களின் தள ரெப்போக்களுக்குள்ளும் சப்மாட்யூலாக இருந்தது. தளத்துக்குள் தீம், தீமுக்குள் அகரவரிசை என்று மூன்று அடுக்கு. ஒரு திருத்தம் கடைசி அடுக்கிலிருந்து தளம் வரை வந்து சேர மூன்று கமிட், அதாவது மூன்று மாற்றப் பதிவுகள் வேண்டும். நூலகத்தில் ஒன்று, "இனி இந்தப் புதிய நூலகத்தைப் பிடித்துக்கொள்" என்று தீமில் ஒன்று, "இனி இந்தப் புதிய தீமைப் பிடித்துக்கொள்" என்று தளத்தில் ஒன்று. அன்றிரவு மூன்றையும் ஒழுங்காகச் செய்திருந்தேன், மேலே ஏற்றும் புஷ்ஷும் செய்திருந்தேன். தளத்தைப் புதுப்பிக்கும் என் டிப்ளாய் ஸ்கிரிப்ட் சர்வரில் ஓடியது. அதில் இருந்தது ஒரே வரி: புதிய கமிட்டுகளை இறக்கும் கிட் புல்.

சர்வருக்குள் நுழைந்து கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தேன். நான் அங்கே எதையும் தொடாதபோதும், தீம் ஃபோல்டர் மாறியிருக்கிறது, அதில் 'புதிய கமிட்டுகள்' இருக்கின்றன என்று காட்டியது. முதலில் குழப்பமாக இருந்தது. உண்மையில் அங்கே இருந்தது பழைய தீம். தள ரெப்போ எதிர்பார்த்த கமிட் வேறு, ஃபோல்டரில் இருந்த கமிட் வேறு. எது புதிது, எது பழையது என்று கிட் பார்ப்பதில்லை. இரண்டும் பொருந்தவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அடுத்து கிட் சப்மாட்யூல் ஸ்டேட்டஸ் கொடுத்தேன். ஒரே ஒரு வரி வந்தது. வரியின் முதல் எழுத்தாக ஒரு கூட்டல் குறி, பிறகு நாற்பது எழுத்து கமிட் எண், பிறகு தீம் என்ற ஃபோல்டர் பெயர். அந்தக் கூட்டல் குறிதான் விஷயம். பொருந்தாத சப்மாட்யூலுக்கு முன்னால் கூட்டல் வரும், இன்னும் இறக்கவே படாததற்கு முன்னால் கழித்தல் வரும், எல்லாம் சரியாக இருந்தால் அந்த இடம் காலியாக இருக்கும். இன்று வரை சர்வரில் நான் முதலில் பார்ப்பது அந்த முதல் எழுத்தைத்தான்.

2007-இல் கிட் 1.5.3 பதிப்பில் சப்மாட்யூல் வந்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. தாய் ரெப்போவுக்குள் உள் ரெப்போவின் கோப்புகள் எதுவும் இருப்பதில்லை. அந்த ஃபோல்டரின் இடத்தில் 160000 என்ற வகை எண்ணோடு ஒரு பதிவும் ஒரு கமிட் எண்ணும் மட்டுமே இருக்கும். உள் ரெப்போவை எங்கிருந்து எடுப்பது என்ற முகவரி மட்டும் டாட்-கிட்மாட்யூல்ஸ் என்ற கோப்பில் தனியாக இருக்கும். சாதாரண கிட் புல் அந்தக் கமிட் எண்ணைப் புதிதாக்கும், ஃபோல்டருக்குள் போய் எதையும் மாற்றாது. அதற்கு, கிட் சப்மாட்யூல் அப்டேட் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது அடுக்கு வரை போக --ரிகர்சிவ் வேண்டும். புதிதாகச் சேர்த்த சப்மாட்யூலும் இறங்க --இனிட் வேண்டும். சப்மாட்யூல் டாட் ரிகர்ஸ் என்ற அமைப்பை ஆன் செய்தால் புல் கொடுக்கும்போதே உள்ளேயும் போகும். ஆனால் புதிதாகச் சேர்ந்த சப்மாட்யூலை அது தானாக இறக்கித் தராது. அதனால் சர்வரில் அதை நம்பாமல் முழுக் கட்டளையையும் எழுதிவிட்டேன்.

ஸ்கிரிப்டில் அந்த வரியைச் சேர்த்ததும் மலர் முன்னால் வந்தது, மறதி பின்னால் போனது. ஐயாவும் பார்த்துவிட்டு "இப்ப சரியா இருக்கு தம்பி" என்றார்.

சில மாதம் கழித்து, சர்வருக்குள் நுழைந்து ஸ்கிரிப்டை ஓட்டும் வேலையையும் குறைக்க நினைத்தேன். நான் புஷ் செய்ததுமே தளம் தானாக மாற வேண்டும். சர்வரில் ஒரு பேர் (bare) ரெப்போ, அதாவது கோப்புகளை விரிக்காமல் வரலாற்றை மட்டும் வைத்திருக்கும் ரெப்போ வைத்து, புஷ் வந்ததும் தானாக ஓடும் அதன் போஸ்ட்-ரிசீவ் ஹூக்கில், பலரும் செய்வதுபோல வொர்க் ட்ரீயாக (கோப்புகளை விரிக்கும் இடமாக) தளத்தின் ஃபோல்டரைக் காட்டி, கிட் செக்கவுட் -எஃப் என்று எழுதினேன். தளத்தின் கோப்புகள் எல்லாம் வந்தன. தீம் ஃபோல்டர் மட்டும் வெறுமையாக இருந்தது. செக்கவுட்டும் சப்மாட்யூலுக்குள் போகாது என்பதால் அது எதிர்பார்த்ததுதான். சரி என்று தளத்தின் ஃபோல்டரை அந்த ரெப்போவின் சாதாரண குளோனாக, அதாவது முழு நகலாக மாற்றி, ஹூக்கிலிருந்து அந்த ஃபோல்டருக்குள் போய் கிட் புல், பிறகு சப்மாட்யூல் அப்டேட் என்று எழுதினேன். இப்போது கிட் ஒரு புள்ளியைக் காட்டி, "இது கிட் ரெப்போவே இல்லை" என்ற பொருளில் பிழை சொன்னது. அதே ஃபோல்டரில் நின்று அதே கட்டளையைக் கையால் அடித்தால் பிழையின்றி ஓடுகிறது. ஹூக்கிலிருந்து ஓடினால் மட்டும் நிற்கிறது.

ஒரு மாலை முழுவதும் இதற்கே போனது. ஹூக் ஓடும்போது கிட்-டிர் என்ற சூழல் மாறியில் பேர் ரெப்போவின் இடம் ஒற்றைப் புள்ளியாக, அதாவது 'இந்த ஃபோல்டர்' என்று ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். நான் சிடி கொடுத்து வேறு ஃபோல்டருக்குப் போனாலும் அந்த மாறி கூடவே வரும். கிட் அதையே நம்பி, நான் போய் நிற்கும் ஃபோல்டரையே ரெப்போ என்று நினைத்துத் தேடும், கிடைக்காது. ஹூக்கின் தொடக்கத்தில் அன்செட் கிட்-டிர் என்று ஒரு வரி எழுதியதும் எல்லாம் ஓடியது. ஹூக்கிலிருந்து சப்மாட்யூலைக் கையாளும் யாருக்கும் முதலில் நான் சொல்வது இந்த ஒரு வரியைத்தான்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. மூன்று அடுக்கிலும் கமிட் போட்டு ஏற்றுவது எனக்கு அலுப்பாக இருந்தது. தீமில் ஒரு நிறத்தை மாற்றினாலும் மூன்று தள ரெப்போக்களிலும் தனித்தனியாகக் கமிட் போட வேண்டும். சப்மாட்யூல் அப்டேட்டோடு --ரிமோட் சேர்த்தால், தாய் ரெப்போ பிடித்திருக்கும் கமிட்டை விட்டுவிட்டு, உள் ரெப்போவின் பிராஞ்சில், அதாவது கமிட்டுகளின் கிளையில் கடைசியாக இருப்பதை எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தது. அதைச் சர்வரின் ஹூக்கில் சேர்த்துவிட்டேன். இனி தீமை மட்டும் புஷ் செய்தால் போதும், அடுத்த டிப்ளாயில் எல்லாத் தளமும் தானாகப் புதிய தீமை எடுத்துக்கொள்ளும். சில வாரம் அது மிகவும் சௌகரியமாக இருந்தது.

ஜனவரி வந்தது. சென்னை புத்தகக் காட்சிக்கு முந்தின நாள் மாலை ஐயா ஸ்டால் எண்ணை அனுப்பினார். முகப்புப் பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றிப் புஷ் செய்தேன். நூல் பட்டியல் பக்கம் வெள்ளையாகிவிட்டது. வருடத்தில் அந்தப் பக்கத்தை வாசகர்கள் அதிகம் பார்க்கும் வாரம் அதுதான். காட்சிக்கு வருவதற்கு முன் எந்த நூல் வாங்குவது என்று குறித்துக்கொள்வார்கள்.

காரணம் உடனே புரிந்தது. இரண்டு நாளைக்கு முன் தீமின் மெயின் பிராஞ்சில் பட்டியல் பக்கத்தைப் புதிதாக எழுதத் தொடங்கி, பாதியில் புஷ் செய்து வைத்திருந்தேன். ஸ்டால் எண்ணை மாற்றிய டிப்ளாய் அந்தப் பாதி வேலையையும் சேர்த்து இழுத்து வந்துவிட்டது. சரி, பழையபடி திருப்பிவிடலாம் என்று தள ரெப்போவில் கடைசி கமிட்டை ரிவர்ட் செய்து புஷ் செய்தேன். ஸ்டால் எண் மட்டும் போய்விட்டது, பட்டியல் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. எத்தனை முறை திருப்பினாலும் --ரிமோட் மறுபடி தீமின் கடைசி கமிட்டையே எடுத்துவரும். நேற்றுவரை தளம் எந்தத் தீமில் ஓடியது என்பது எந்த ரெப்போவின் கமிட்டிலும் பதிவாகவில்லை, ஏனென்றால் அந்த மாற்றம் சர்வரின் ஃபோல்டரில் மட்டுமே நடந்தது. தீமின் லாகைப் பார்த்து, தேதியை வைத்து ஊகித்து, கமிட் ஒவ்வொன்றாக செக்கவுட் செய்து பார்த்து, இரவு பதினொன்றரைக்குச் சரியானதைப் பிடித்தேன். ஐயா திட்டவில்லை. "நாளைக்குக் காலையில ஸ்டால் திறக்கணும், நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

தானாக அப்டேட் செய்வது என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு வேலை என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. தாய் ரெப்போ எந்தக் கமிட்டைப் பிடித்திருக்கிறதோ அதையே அப்படியே கொண்டுவந்து வைப்பது ஒரு வேலை. இதைச் சர்வர் ஒவ்வொரு முறையும் தானாகச் செய்ய வேண்டும், மனிதன் கை படவே கூடாது. உள் ரெப்போவில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, தாய் பிடித்திருக்கும் கமிட்டை மாற்றுவது இன்னொரு வேலை. இதை இயந்திரம் தயார் செய்து வைக்கலாம், ஆனால் ஒரு ஆள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது தளத்துக்குப் போக வேண்டும். முதலாவது டிப்ளாயில் இருக்க வேண்டியது, இரண்டாவது அங்கே இருக்கவே கூடாது. --ரிமோட்டைச் சர்வரிலிருந்து அன்றே எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வேலைக்கு இப்போது வாரம் ஒருமுறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது சர்வரில் ஓடாது. தள ரெப்போவைப் புதிதாக குளோன் செய்து, தீமை --ரிமோட் மூலம் முன்னேற்றி, பட்டியல் பக்கத்தைச் சோதித்து, தனி பிராஞ்சில் கமிட் போட்டு எனக்குத் தெரிவிக்கும். நான் மாற்றங்களைப் படித்துவிட்டு மெயினில் சேர்ப்பேன். கிட்ஹப்பில் ரெப்போ வைத்திருப்பவர்கள் அதன் தானியங்கி அப்டேட் வசதியான டிபெண்டபாட்டிலேயே கிட்சப்மாட்யூல் என்று அமைத்துக்கொண்டால், சோதிப்பது தவிர இதே வேலையை அது செய்துவிடும்.

அந்த ஸ்கிரிப்ட் எழுதும்போது ஒரு நுட்பமான விஷயம் கவனத்துக்கு வந்தது. தள ரெப்போவில் நின்றுகொண்டு --ரிமோட்டையும் --ரிகர்சிவ்வையும் சேர்த்துக் கொடுத்தால், தீமுக்குள் இருக்கும் அகரவரிசை நூலகமும் தன் கடைசி கமிட்டுக்குப் போய்விடும். ஆனால் அந்த மாற்றத்தைத் தள ரெப்போவில் பதிய இடமே இல்லை. தளத்துக்குத் தெரிந்தது தீமின் கமிட் மட்டும். நூலகத்தின் கமிட்டைப் பிடித்திருப்பது தீம். அதனால் நீங்கள் சோதித்தது ஒரு கூட்டணி, சர்வரில் போய் இறங்குவது வேறு கூட்டணி என்று ஆகும். --ரிமோட்டை ஒரு அடுக்குக்கு மட்டும் கொடுங்கள், பிறகு --ரிமோட் இல்லாமல் சாதாரண ரிகர்சிவ் அப்டேட் கொடுங்கள், அதற்குப் பிறகு சோதியுங்கள். அடுத்த அடுக்கின் முன்னேற்றம் அந்தந்தத் தாய் ரெப்போவில்தான் நடக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் நண்பருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அவர் தன் கணினியில் புல் மட்டும் கொடுத்துவிட்டு, சப்மாட்யூல் அப்டேட் கொடுக்காமல், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி கமிட் -ஏ கொடுத்தார். அவருடைய ஃபோல்டரில் இருந்த பழைய தீமின் எண்ணும் அந்தக் கமிட்டோடு சேர்ந்து போய்விட்டது. எழுத்துப்பிழை போனது, கூடவே தீம் இரண்டு வாரம் பின்னால் போனது. சர்வர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அவர் மேல் குறை சொல்ல முடியாது, அந்த ஒற்றை வரி மாற்றம், மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் கண்ணில் படாமல் போவது எளிது. அதனால் எங்கள் கணினிகளில் மட்டும் சப்மாட்யூல் டாட் ரிகர்ஸை ஆன் செய்துகொண்டோம். டிஃப் டாட் சப்மாட்யூல் என்ற அமைப்பில் லாக் என்று கொடுத்தால், வெறும் எண்ணுக்குப் பதில் எந்தெந்தக் கமிட் சேர்கிறது, எது கழிகிறது என்று செய்தியோடு வரும். தீம் பின்னோக்கிப் போகிறது என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறு என்னுடையது. தீமில் கமிட் போட்டு, தளத்தில் அந்த எண்ணைப் பதிந்து, தளத்தை மட்டும் புஷ் செய்துவிட்டேன். தீமைப் புஷ் செய்யவில்லை. சர்வர் போய்த் தேடினால் அந்தக் கமிட் உலகத்தில் எங்குமே இல்லை, என் மடிக்கணினியில் மட்டும் இருக்கிறது. புஷ் டாட் ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் என்ற அமைப்பில் செக் என்று கொடுத்துவிட்டால், உள் ரெப்போ மேலே ஏறாதவரை தாய் ரெப்போவை கிட் புஷ் செய்யவே விடாது. இதை எல்லோரும் முதல் நாளே போட்டுக்கொள்ளலாம்.

முகவரி மாறும்போதும் ஒரு தடங்கல் உண்டு. 2022 மார்ச் மாதம் கிட்ஹப், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, மறையாக்கம் இல்லாத கிட் புரோட்டோகாலை நிறுத்தியது. என் அகரவரிசை நூலகத்தின் முகவரி அந்தப் பழைய வடிவத்தில் இருந்தது. டாட்-கிட்மாட்யூல்ஸில் எச்டிடிபிஎஸ் முகவரியாக மாற்றிப் புஷ் செய்தும் சர்வர் பழைய முகவரிக்கே போனது. ஏனென்றால் முதல்முறை இனிட் செய்யும்போதே முகவரியை கிட் தன் கான்ஃபிக்கில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. கிட் சப்மாட்யூல் சிங்க் --ரிகர்சிவ் என்பதுதான் அந்த நகலைப் புதுப்பிக்கும். ரிகர்சிவ் அப்டேட் வரிக்கு முன்னால் அதையும் வைத்துவிடுங்கள். என்னுடையதுபோல் மாறிய முகவரி தீமுக்குள் இருந்தால், முதலில் தீமை மட்டும் அப்டேட் செய்துவிட்டு சிங்க் கொடுங்கள்.

தனிப்பட்ட ரெப்போக்களுக்குச் சாவி விஷயம் தனி. கிட்ஹப்பில் ஒரு டிப்ளாய் கீ ஒரு ரெப்போவுக்கு மட்டும்தான். தளத்துக்குப் போட்ட சாவியால் தீமைத் திறக்க முடியாது. கிட்ஹப்பிலேயே ஸ்கிரிப்டுகளை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் தானாகக் கிடைக்கும் டோக்கனும் அப்படித்தான், அதுவும் அந்த ஒரு ரெப்போவுக்கே. செக்கவுட் படியில் சப்மாட்யூல்ஸ் என்பதற்கு ரிகர்சிவ் என்று கொடுத்தாலும், உள் ரெப்போ தனிப்பட்டது என்றால் வேறு டோக்கனோ சாவியோ தர வேண்டும். நான் படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்றை சர்வருக்கென்று வைத்து முடித்துக்கொண்டேன்.

இப்போது என் டிப்ளாய் நடக்கும் விதம் இது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரை நான் தொடுவதே இல்லை. அதில் புல் கொடுத்தால், புல் முடிந்து சப்மாட்யூல் அப்டேட் முடிவதற்குள் சில வினாடி புதிய தளமும் பழைய தீமும் சேர்ந்து ஓடும். அந்த வினாடிகளில் வரும் வாசகருக்குப் பக்கம் உடைந்து தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் பெயரில் ஒரு புதிய ஃபோல்டருக்கு --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் கொடுத்து குளோன் செய்கிறேன். குளோன் தவறினால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், வாசகர் பார்ப்பது பழைய தளம்தான். பிறகு சப்மாட்யூல் ஸ்டேட்டஸை ரிகர்சிவ்வாக எடுத்து, எந்த வரியாவது கூட்டலிலோ கழித்தலிலோ தொடங்கினால் நிறுத்திவிடும். அப்புறம் பட்டியல் பக்கத்தை அந்தப் புதிய ஃபோல்டரிலிருந்தே ஒருமுறை ஓட்டி, 'மலர்' 'மறதி'க்கு முன்னால் வருகிறதா என்று பார்க்கும். எல்லாம் சரி என்றால் 'நடப்பு' என்ற சிம்லிங்க், அதாவது வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் பெயர், புதிய ஃபோல்டரைக் காட்டும்படி மாறும். அதை நேரடியாக மாற்றாமல், வேறு பெயரில் ஒரு சிம்லிங்க் உருவாக்கி, பழையதன் மேல் எம்வி -டி (பெரிய T) மூலம் ரீநேம் செய்வது நல்லது. அப்போது நடுவில் ஒரு நொடிகூடத் தளம் இல்லாமல் இருக்காது. பக்கங்களை வாசகருக்கு அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் டாக்குமென்ட்-ரூட்டுக்குப் பதில் ரியல்பாத்-ரூட் என்ற மாறியை பிஎச்பிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பிஎச்பியின் கேஷ் பழைய ஃபோல்டரின் கோப்புகளையே சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பையும் வெளியே தராதபடி என்ஜின்எக்ஸில் அடைத்துவிடுங்கள். சப்மாட்யூலுக்குள் டாட்-கிட் என்பது ஃபோல்டர் அல்ல, உண்மையான இடத்தைச் சொல்லும் ஒற்றை வரிக் கோப்பு. ஃபோல்டரை மட்டும் அடைத்திருந்தால் இது வெளியே தெரியும்.

கடைசி ஐந்து ஃபோல்டர்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். தவறு நடந்தால் சிம்லிங்க்கை முந்தைய ஃபோல்டருக்குத் திருப்பினால் போதும், தளம், தீம், அகரவரிசை மூன்றும் அன்றிருந்த கூட்டணியிலேயே திரும்பி வரும்.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், நூலகம் பொதுவானது, அடிக்கடி மாறாதது என்றால், பிஎச்பி நூலகங்களை இறக்கி நிர்வகிக்கும் கம்போசரில் வையுங்கள் என்றே சொல்வேன். கம்போசர் லாக் கோப்பும் சரியான பதிப்பைப் பிடித்துவைக்கும் அதே வேலையைச் செய்கிறது. தீம் விஷயத்தில் நான் சப்மாட்யூலையே வைத்திருக்கிறேன். தளத்துக்குள் நின்றுகொண்டே தீமைத் திருத்தி, அங்கிருந்தே கமிட் போட முடிவது எனக்குப் பெரிய வசதி. திருத்தும் முன் உள் ஃபோல்டரில் ஒரு பிராஞ்சுக்கு மாறிக்கொள்ள மட்டும் மறக்கக் கூடாது. அப்டேட்டுக்குப் பிறகு அது எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் ஒரு கமிட்டில் தனியாக நிற்கும்.

போன ஜனவரியிலும் ஐயா ஸ்டால் எண்ணைக் காட்சிக்கு முந்தின நாள் மாலைதான் அனுப்பினார். மாற்றிப் புஷ் செய்துவிட்டு, சப்மாட்யூல் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். இரண்டு வரி, இரண்டின் முன்னாலும் காலி இடம். ஐயாவுக்குப் போன் செய்தேன். அவர் தளத்தைத் திறந்து, பட்டியல் பக்கத்தை நான் கேட்காமலே கீழே வரை இழுத்துப் பார்த்துவிட்டு, "மலர் இருக்கு, மறதி இருக்கு, எல்லாம் அதது இடத்துல இருக்கு தம்பி" என்றார்.